பழைய சங்கிலி ரம்பமும் புதிய கையும்

பரிசுத்த வேதாகமத்தில் உபாகமம் 19-ஆம் அதிகாரத்தின்கண் ஒரு சட்டம் காணப்படுகின்றது. இருவர் விறகு வெட்டக் காட்டிற்குச் செல்கின்றனர். ஒருவன் மரத்தின்மேற் கோடரியை ஓங்குங்கால், இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேற் பட்டு, அவன் இறந்துபடுகின்றான். பகைமை சிறிதுமின்றி நேர்ந்த அச்சாவுக்குக் காரணமானவன் ஓடி உயிர் பிழைத்தற்பொருட்டு மூன்று பட்டினங்களை வகுத்து வைக்குமாறு அச்சட்டம் விதிக்கின்றது. கருவியில் ஒரு மூட்டுத் தளர்ந்திருப்பதும், அத்தளர்ச்சியை யாரும் பாராது விடுவதும், அதன் பயனை அருகில் நின்றவன் அடைவதும் எத்துணைப் பழமையான செய்தி என்பது இதனால் விளங்கும்.

அக்கோடரியின் தொழிலை இன்று பெரும்பாலும் பெட்ரோலால் ஓடுஞ் சங்கிலி ரம்பம் ஏற்றுக்கொண்டது. இதனைச் சங்கிலி வாள் என்போரும் உளர், பொறிவாள் என்போரும் உளர்; மரக்கடைகளிலோ ‘மிஷின்’ என்றாலே போதும். பெயர்பற்றி வழக்கிட விரும்புவோர் தமிழ் வகுப்பில் வழக்கிடுக. இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது, இத்தொழிலிற் பழக்கமில்லாத ஒருவர் பிறர் கையாண்ட பழைய ரம்பத்தை வாங்கி, உடலுக்கு ஊறின்றி அதனைக் கையாளுமாறு எங்ஙனம் என்பதே. பழைய ரம்பத்தை வாங்குவோர் யாவரும் அஃது அறுக்கின்றதா என்று பார்க்கின்றனர். நிற்கவேண்டிய கணத்தில் நிற்கின்றதா என்று பார்ப்போர் மிகச் சிலரே. எம் கருத்தில் அவ்விரண்டாம் வினாவே முதலிற் கேட்கத் தக்கது.

இக்கருவியின் வரலாறு சிறிது விந்தையானது. மரத்தை அறுப்பதற்கு முன்னரே இது மனிதர் எலும்பை அறுத்தது. ஜெர்மனி தேசத்து வூர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த பெர்ன்ஹார்டு ஹைனே என்பார், 1830-ஆம் ஆண்டளவிற் கையாற் சுழற்றுஞ் சிறியதொரு சங்கிலி ரம்பத்தைச் சத்திர சிகிச்சைக்கென்றே அமைத்தார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1926-இல், அத்தேசத்தவரே ஆகிய ஆந்திரேயாஸ் ஸ்டில் என்பார் மின்சாரத்தால் இயங்கி மரமறுக்குஞ் சங்கிலி ரம்பத்தையும், 1929-இற் பெட்ரோலால் இயங்குவதனையும் வெளியிட்டார். அவை இருவர் பிடித்து வேலை செய்யவேண்டிய பாரமுடையன. அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் மரவேலை செய்துகொண்டிருந்த ஜோசப் பியூபோர்டு காக்ஸ் என்பார், 1946-இல், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு ஒன்று தன் தாடைகளால் இடமும் வலமுமாகக் கொறித்து நாரின் குறுக்கேயும் நெடுக்கேயும் எளிதிற் செல்வதைக் கண்டு, அத்தாடையின் வடிவிலேயே உருக்குப் பற்களை அமைத்தார். அச்சங்கிலி 1947-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் கைக்கு வரும் சங்கிலிகள் அதன் வழித்தோன்றல்களே. நீதிமொழிகள் சோம்பேறியை எறும்பினிடத்திற்கு அனுப்பிற்று; காக்ஸ் என்பாரோ சோம்பேறியல்லராயினும் தாமாகவே புழுவினிடத்திற்குப் போனார்.

நம் நாட்டில் இக்கருவியின் தேவை புயற்காலத்தில் நன்கு உணரப்படுகின்றது. 2011 டிசம்பர் 30-இற் கடலூர்ப் பக்கத்தைத் தாக்கிய தானே புயலும், 2016 டிசம்பர் 12-இற் சென்னையைத் தாக்கிய வர்தாப் புயலும், 2018 நவம்பர் 16-இல் வேதாரணியத்தருகே கரையேறிய கஜாப் புயலும் வீழ்த்திய மரங்கள் எண்ணிறந்தன. சாலைகள் அடைபட்டு, வீட்டுக் கூரைமேல் மரங் கிடக்குங்கால், ஊரிளைஞர் எவரையும் எதிர்பாராது தாமே வேலையில் இறங்குவர். புதிய ரம்பம் விலை மிக்கது. ஆதலின், கிடைத்த பழையதை வாங்குவர். எம் விடுதிச் சமூகசேவைச் சங்கத்தாரும் சென்ற ஆண்டில் அவ்வாறே ஒரு பழைய ரம்பத்திற்கு விலை பேசினர். அதனை ஆராய்ந்தபோது தொழிலறிந்தாரிடங் கேட்டனவும், பின்னர் நூல்களிற் கண்டு தெளிந்தனவுமே ஈண்டு எழுதப்படுவன.

முதற்கண் கருவியின் உறுப்புக்களை அறிதல் வேண்டும். பின்னே ஓர் எஞ்சின்; அதனின்று முன்னே நீண்டு செல்லும் ஒரு தகடு. இத்தகட்டை மெக்கானிக்குகள் ‘பார்’ என்பர். பாரின் விளிம்பைச் சுற்றிலும் உள்ள பள்ளத்திற் சங்கிலி ஓடுகின்றது. எஞ்சின் மெல்ல ஓடுங்கால் சங்கிலி அசைவற்றிருக்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தி வேகத்தை மிகுத்தால், கிளச் பற்றிக்கொள்ள, சங்கிலி சுழலும். முழு வேகத்தில் அதன் ஓட்டம் விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். 16 அங்குலப் பாரில் ஓடுஞ் சங்கிலியின் சுற்றளவு ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்டதாகலின், கண் ஒருமுறை இமைப்பதற்குள் அச்சங்கிலி பல முறை பாரைச் சுற்றிவிடும். இவ்வேகத்தை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வருவன விளங்கா.

சங்கிலி ரம்பத்தின் அபாயங்களுள் தலையாயது எதிருதைப்பு ஆகும். இதனைச் சிறிது விரித்துரைப்போம். பாரின் கீழ்விளிம்பிற் சங்கிலி நம்மை விட்டு மரத்திற்குள்ளே போவதன்று. நம்மை நோக்கி வருவது. ஆதலின் கீழ்விளிம்பால் அறுக்குங்கால் ரம்பம் மரத்தை நோக்கி இழுக்கப்படும். இழுத்த இடத்தில் ரம்பத்தின் உடல் மரத்தில் முட்டி நின்றுவிடும். மேல்விளிம்பால் அறுக்குங்கால் சங்கிலி நம்மை விட்டு முன்னோக்கி ஓடுதலின், ரம்பம் நம்மை நோக்கித் தள்ளப்படும். இவ்விரண்டும் முன்னரே அறிந்திருப்பார்க்குத் தாங்கக் கூடியனவே. ஆனாற் பாரின் நுனியில், அதிலும் நுனியின் மேற்பாதியில், ஒரு கிளையோ மறைந்து கிடந்த மற்றொரு கட்டையோ பட்டுவிடின், அங்குச் சங்கிலி கீழ்நோக்கி வளைந்து ஓடிக்கொண்டிருத்தலாற் பல் மரத்தை அறுக்கமாட்டாது கொளுவிக்கொள்கின்றது. ஓடும் சங்கிலி தடைபட்ட அக்கணத்தில், சங்கிலிக்குரிய வேகமெல்லாம் பாருக்குச் சென்று, பார் மேலே எழும்பி, பிடித்திருப்பவர் முகத்தையும் கழுத்தையும் தோளையும் நோக்கி வட்டமாகத் திரும்புகின்றது. இவையெல்லாம் விநாடியின் ஒரு சிறு பகுதியில் முடிந்துவிடும். மனிதன் கண்டு, கருதி, கையை விலக்குதற்கு வேண்டும் காலம் அதனினும் நீண்டது. வலிய தோளுடையேம் என்று நினைப்பாரும் இதனைத் தோளாற் தடுத்தல் இயலாது.

மனிதன் தடுக்கமாட்டாமையாலன்றோ தடுக்கும் உறுப்புக்களைக் கருவியிலேயே அமைத்தனர்! முன்கைப்பிடிக்கு முன்னே மேல்நோக்கி நிற்கும் ஒரு தடுப்பு உண்டு. பார்ப்பதற்குக் கையைக் காப்பதொரு கவசம் போலத் தோன்றும். உண்மையில் அது பிரேக்கின் நெம்புகோல். ரம்பம் எதிருதைத்து மேலெழும்புங்கால் இடக்கையின் மணிக்கட்டு அத்தடுப்பை முன்னே தள்ளும். கை தள்ளாவிடினும், திடீரென எழும்பும் வேகத்தால் அத்தடுப்புத் தன் பாரத்தாலேயே முன்சென்று விழும். விழுந்தவுடன், வில்லால் இழுக்கப்பட்ட ஓர் எஃகுப் பட்டை கிளச்சின் உருளையை இறுக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். பின்கைப்பிடியின் மேற்புறத்தில் உள்ளங்கையால் அழுத்தப்படும் ஒரு நாக்கு உளது. அதனை அழுத்தினாலன்றி ஆக்ஸிலேட்டர் அசையாது. அடியிலே ஒரு சிறு கொக்கி. சங்கிலி அறுந்தாலோ கழன்றாலோ பின்னே பாய்ந்து வலக்கையைச் சேதிக்காதவாறு அதனைப் பிடித்துக்கொள்வது. பின்கைப்பிடியின் அடி அகன்றிருப்பதும் அவ்வலக்கையின் பொருட்டே. கைப்பிடிகளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பராலோ கம்பிச்சுருளாலோ ஆகிய தாங்கிகள் உள. அவை அதிர்வைக் குறைப்பன. பல்லாண்டு அதிர்வைத் தாங்கிய கைகளில் இரத்தவோட்டங் குன்றி விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோய் காட்டுத்தொழிலாளரிடையே நெடுங்காலமாக அறியப்பட்டதொன்று.

நிற்க. மேற்கூறிய உறுப்புக்கள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றுள் ஒன்றேனும் மரத்தை அறுப்பதில்லை. பிரேக் பட்டை தேய்ந்துபோனாலும் ரம்பம் நன்றாக அறுக்கும். கொக்கி உடைந்துபோனாலும் நன்றாக அறுக்கும். முன்தடுப்பை முழுவதும் கழற்றி எறிந்துவிட்டால், குறுகிய இடங்களிற் புகுத்தி அறுப்பது முன்னினும் எளிதாகவே இருக்கும். எஞ்சின் பழுதானாற் சொந்தக்காரர் அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுவர், கூலி நின்றுவிடுமன்றோ? காப்புறுப்புப் பழுதானாற் கூலி நில்லாது. ஆகையால் அஃது அப்படியே விடப்படும். ஒரு ரம்பம் கைமாறுந்தோறும் அறுக்கும் பாகங்கள் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டே வர, காக்கும் பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துகொண்டே வருகின்றன. இறுதியில் இவ்வாறு உதிர்ந்த ரம்பம் யார் கைக்கு வருகின்றது? தொழிலில் முதிர்ந்தவர் கைக்கன்று; விலை குறைவாயிருத்தலைக் கண்டு வாங்கும் புதியவர் கைக்கே வருகின்றது. காப்பு மிகுதியும் வேண்டுபவனுக்குக் காப்புக் குறைந்த கருவி போய்ச் சேரும் இம்முறைகேட்டையே யாம் பெரிதும் எண்ணியெண்ணி வருந்துகின்றேம்.

எம் சங்கத்தாருக்குக் காட்டப்பட்ட ரம்பமும் இத்தன்மையதே. விற்பவர் ஒரு கட்டையை எடுத்துப்போட்டு நொடியில் இரு துண்டாக்கிக் காட்டினார், கண்டோர் வியந்தனர். எம்முடன் வந்திருந்தவர் முப்பதாண்டுக்கு மேலாக மரமறுக்குந் தொழில் செய்பவர். அவர் அவ்வியப்பிற் கலந்துகொள்ளாமல், ரம்பத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, முன்னே இருக்கவேண்டிய தடுப்பு எங்கே என்று வினவினார். “அது சும்மா இடைஞ்சல் ஐயா, கழற்றிவிட்டோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை” என்று விடை வந்தது. பெரியவர் எம்பக்கந் திரும்பி, “தம்பி, இது எப்படி அறுக்குது என்று அவர் காட்டிவிட்டார். எப்படி நிற்குது என்று காட்டச் சொல்லுங்கள்” என்றார். காட்டுதற்கு ஒன்றுமில்லை. தடுப்பும் பிரேக் பட்டையும் புதியன வாங்கிப் பூட்டி, மெக்கானிக் ஒருவர் சோதித்துக் காட்டிய பின்னரே விலை கொடுப்பதென முடிவாயிற்று. விற்பவர் ஒரு வாரங் கழித்து அவ்வாறே செய்து கொணர்ந்தார். ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது பழைய பொருள் விற்பார் பலருங் கூறும் சொல். அதனை மறுப்பதும் எளிதன்று, நம்புவதும் நன்றன்று.

இனிச் சோதிக்கும் முறையைக் காண்பாம். எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னரே கண்ணாலும் கையாலும் பல அறியலாம். முன்தடுப்பு, அடிக்கொக்கி, பின்கை நாக்கு ஆகிய மூன்றும் உளவா என்று பார்க்க. நாக்கை அழுத்தாமல் ஆக்ஸிலேட்டரை இழுக்க, அசையலாகாது. நாக்கைக் கயிற்றாற் கட்டியோ ஒட்டுநாடாவால் ஒட்டியோ வைத்திருந்தாற் பெரிதும் ஐயுறுக. பின்னர், எஞ்சின் நின்றிருக்கும்போதே, பிரேக்கை விடுவித்து, ரம்பத்தின் உடலை ஓர் அடிமரத்தின்மேல் வைத்து, வலக்கையாற் பின்பிடியை மட்டும் பற்றிக்கொண்டு, முன்பிடியை விட்டுவிடுக. பார் தன் பாரத்தாற் கீழே சாய்ந்து நுனி மரத்தில் மோதும். மோதிய அளவிலேயே தடுப்பு முன்னே விழுந்து பிரேக் பற்றவேண்டும். பற்றாவிடின் எதிருதைப்பிலும் அது பற்றுமென்று எதிர்பார்த்தற்கில்லை.

அடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தல். மெல்ல ஓடுங்காற் சங்கிலி ஊர்தலும் ஆகாது. ஊர்ந்தால் கார்பரேட்டரைத் திருத்தவேண்டும், அன்றேற் கிளச்சின் வில் தளர்ந்திருக்கும். இருகையாலும் உறுதியாகப் பிடித்து முழு வேகங் கொடுத்து, இடக்கையைப் பிடியினின்றும் எடாமலே மணிக்கட்டைத் திருப்பித் தடுப்பை முன்தள்ளுக. சங்கிலி அக்கணமே நிற்கவேண்டும். இரண்டு சுற்று ஓடி நிற்பது நிற்றலாகாது. நின்றவுடன் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுக. பிரேக் பற்றியிருக்க எஞ்சினை வேகமாக ஓட்டுவது கிளச்சை எரித்துவிடும். இறுதியாக, நிறுத்தும் பொத்தானை அழுத்த எஞ்சின் நிற்கின்றதா என்று காண்க. இது நகைக்கத்தக்க சோதனையாகத் தோன்றும். ஆயினும் ‘சோக்கை இழுத்தாற்றான் நிற்கும்’ என்று கூறி விற்கப்படும் ரம்பங்களும் உலகில் உள.

எஞ்சினைப் பற்றி மிகுதியாக எழுதவேண்டுவதில்லை. அதனை விற்பவரே விரிவாகப் புகழ்வர். குளிர்ந்திருக்கும்போது ஓட்டிக்காட்டச் சொல்லுதல் வேண்டும். முன்னரே சூடேற்றி வைத்திருப்பின் காரணம் இருக்கலாம். கயிற்றைப் பிடித்து ரம்பத்தைத் தூக்கினால், உள்ளழுத்தம் நன்றாயிருப்பின் ரம்பம் விட்டுவிட்டு மெல்ல இறங்கும். தடையின்றிக் கீழே போய்விடின் பிஸ்டன் தேய்ந்ததென்க. எண் பொறித்த தகடு சுரண்டப்பட்டிருந்தால் விலை எத்துணைக் குறைவாயினும் வாங்கலாகாது.

சங்கிலியைப் பற்றியோ சிறிது நின்று பேசவேண்டும். கூரிய சங்கிலி அபாயமென்றும் மழுங்கியது அபாயமன்றென்றும் புதியவர் நினைப்பர். உண்மை மறுதலை. கூரியது தானே மரத்திற்குள் இறங்கும். மழுங்கியதை நாம் அழுத்தவேண்டும். அழுத்த, உடலின் பாரம் ரம்பத்தின்மேற் சாயும். மரம் அறுபட்டு ரம்பம் வெளிப்போதுங் கணத்தில் நிலைதடுமாறும். கூர்மையை அறியும் வழி எளிது: கூரிய சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவாகத் தள்ளும். பல்லின் அளவுக்கேற்ப 4 மில்லிமீட்டர், 4.8 மில்லிமீட்டர் என உருண்டை அரங்கள் கிடைக்கின்றன. அளவு மாறிய அரத்தாற் பல் கெடும். இடப்பற்களும் வலப்பற்களும் ஒரே நீளமாக இருத்தல் வேண்டும். இன்றேல் அறுப்புக் கோணும்.

ஒவ்வொரு பல்லின் முன்னும் ஒரு சிறு திமில் உண்டு. பல் ஒருமுறையில் எவ்வளவு ஆழம் மரத்தைக் கடிக்கலாம் என்பதை அதுவே அளவிடுகின்றது. பெரும்பாலான சங்கிலிகளில் அது பல்லின் முனையினும் ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். இதனை மிகுதியாக அராவிவிட்டாற் பல் மரத்தைப் பேராசையோடு கடிக்கும். வேகமாக அறுப்பதுபோலத் தோன்றும். எதிருதைப்பும் அவ்வளவிற்கு மிகும். ஆகவே விற்பனைக் காட்சியில் மிக ஆவலாக அறுக்கும் ரம்பம் புகழத்தக்கதன்று, ஆராயத்தக்கது. புதிய சங்கிலி வாங்குங்காற் பாரிற் பொறித்துள்ள மூன்று அளவுகளும் பொருந்தவேண்டும்: கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம், பள்ளத்தின் அகலம், கண்ணிகளின் தொகை. சங்கிலியை இழுத்துக் கட்டுவது ஆறிய பின்னரே. பாரின் கீழே தொங்கலாகாது, எஞ்சினை நிறுத்திக் கையுறையிட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும்.

எரிபொருளைப் பற்றி ஒரு சொல். இவ்வெஞ்சினுக்குத் தனியாக உள்ளெண்ணெய் கிடையாது. பெட்ரோலிற் கலந்த எண்ணெயே பிஸ்டனைக் காப்பது. கலப்பளவு கருவிக்குரிய புத்தகத்திற் கண்டவாறு: 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். புத்தகம் தொலைந்திருப்பின் மாதிரியின் எண்ணைக் கொண்டு இணையத்திற் பெறலாம். இக்காலத்துப் பெட்ரோல் எத்தனால் கலந்ததாகலின் நீரை ஈர்க்கும். நெடுநாள் வைத்திருந்தது கார்பரேட்டரைக் கெடுக்கும். சங்கிலிக்கு வேண்டிய எண்ணெய் வேறு தொட்டியில் உளது. பாரின் நுனியை வெளிறிய கட்டை ஒன்றிற்கு ஒரு சாண் மேலே பிடித்து வேகங்கொடுத்தால் எண்ணெய்க்கோடு ஒன்று அக்கட்டையில் விழவேண்டும். எஞ்சின் ஆறுமுன் பெட்ரோல் ஊற்றலாகாது. ஊற்றிய இடத்தினின்று 3 மீட்டராவது விலகியே ஓட்டத் தொடங்கவேண்டும்.

உடையைப் பற்றி நம்மவர் கவலைகொள்வது அரிது. வேட்டியுங் கைலியுந் தோட்டுண்டும் நம் வெயிலுக்கேற்ற நல்லுடைகளே. ஆயினும் விநாடிக்கு 20 மீட்டர் ஓடுஞ் சங்கிலிக்கு அருகில் அவற்றின் விளிம்பு வருதல் ஆகாது. கழுத்திலிடும் சங்கிலியையும் சிலுவையையும் கூடக் கழற்றிவைத்தல் நலம். ரம்பக்காரருக்கென்றே செய்யப்படுங் காற்சட்டை ஒன்றுண்டு. அதன் உள்ளே நீண்ட இழைகள் பல அடுக்காக வைக்கப்பட்டுள்ளன. சங்கிலி பட்டால் மேற்றுணி கிழிந்து, இழைகள் வெளிவந்து பற்சக்கரத்திற் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். தடித்த ஜீன்ஸ் துணி இவ்வாறு செய்யாது. தலைக்கவசமும், முகத்திற்கு வலையும், காதடைப்பும், கையுறையும், வன்மையான பூட்ஸும் வேண்டும். ரம்பத்தின் ஓசை 100 டெசிபெலுக்கு மேற்பட்டது. கெட்ட செவி மீளாது. சித்திரை வெயிலில் இவற்றையெல்லாம் அணிவது துன்பமே. அதற்கு மருந்து விடியற்காலையில் வேலை செய்வது, அணியாது விடுவதன்று.

ஓட்டத் தொடங்குமாறு: ரம்பத்தைச் சமதரையில் வைத்து, பிரேக்கை இட்டு, வலக்காலின் நுனியைப் பின்பிடியினுள் மிதித்து, இடக்கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு, வலக்கையாற் கயிற்றை இழுக்க. ஒருகையால் ரம்பத்தைக் கீழே வீசி மறுகையாற் கயிற்றை இழுக்கும் வித்தையைத் தெருவிற் காணலாம்; காண்பதோடு நிறுத்துக. அறுக்குங்கால் இடக்கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் வந்து பற்றியிருத்தல் வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு மேலே வைத்தால், எதிருதைப்பிற் பிடி நழுவும். ரம்பத்திற்கு நேர்பின்னே நில்லாமற் சற்று இடப்புறமாக நிற்க. பார் எழும்பினும் தலையும் கழுத்தும் அதன் வழியில் இரா. தோளுக்கு மேலே அறுத்தலும், ஏணிமேல் நின்று அறுத்தலும், ஒருகையால் அறுத்தலும் புதியவருக்கு உரியனவல்ல. அறுத்தபின் இரண்டடி நடப்பதாயினும் பிரேக்கை இட்டே நடக்க.

முதல் வேலையாக எதை அறுக்கலாம்? முன்னரே வீழ்த்தித் துண்டாக்கிய, ஆணியில்லாத, அசையாது கிடக்கும் கட்டைகளையே. ஆணியைக் குறித்தது காரணத்தோடு: நம் சாலையோர வேம்புகளிலும் புளிகளிலும் விளம்பரத் தகடுகளை அறைந்து அறைந்து, ஆணிமேல் மரம் வளர்ந்து மூடியிருக்கும். கடற்கரையூர்களில் வீழ்ந்த மரங்களின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். இவை பல்லுக்குப் பகை. தென்னையோ உருளை வடிவினது. கல்லாலோ கட்டையாலோ இருபுறமும் முட்டுக்கொடாமல் அறுத்தல் கூடாது. சரிவான நிலமாயின் மேட்டுப்பக்கம் நிற்க.

கட்டையை அறுக்குமுன் அதன் எந்தப் பக்கம் நெருக்குண்டிருக்கின்றது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கின்றது என்று உணர்தல் வேண்டும். இருமுனையுந் தாங்கப்பட்டு நடுவே பாலம்போல் நிற்கும் மரத்தில் மேற்பக்கம் நெருக்குண்டது, கீழ்ப்பக்கம் இழுபட்டது. ஒருமுனை மட்டுந் தாங்கப்பட்டு மறுமுனை தொங்கினால் மேற்பக்கம் இழுபட்டது, கீழ்ப்பக்கம் நெருக்குண்டது. நெருக்குண்ட பக்கத்தில் முதலில் மூன்றிலொரு பங்கு அறுத்து, பின்னர் இழுபட்ட பக்கத்தினின்று அறுத்து அதனோடு சேர்க்க. நெருக்குண்ட பக்கத்தையே தொடர்ந்து அறுத்தாற் பிளவு மூடிக்கொண்டு பார் சிக்கிவிடும். இழுபட்ட பக்கத்தையே ஒரே வீச்சில் அறுத்தால் மரம் பிளந்து தெறிக்கும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரத்தில் மற்றொரு பெரிய அபாயம் உள்ளது. வேரும் மண்ணுங் கூடிய தட்டு நிமிர்ந்து நிற்க, அடிமரம் தரையிற் கிடக்கும். அடிமரத்தின் பாரமே அத்தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது. அடிமரத்தை அறுத்துப் பிரித்த அளவில், தட்டு மீண்டும் பள்ளத்தில் விழுந்து, மிச்சமாயுள்ள அடி செங்குத்தாக எழுந்து நிற்கக் கூடும். அப்பள்ளத்திற் பிள்ளைகள் இறங்கி விளையாடுவதும், வேலையாட்கள் நிழலுக்கு ஒதுங்குவதும் நம்மூர்களில் இயல்பு. அறுக்குமுன் பள்ளத்தைச் சுற்றிப் பார்த்து அனைவரையும் அகற்றுதல் வேண்டும். வளைந்து மற்றொரு மரத்தின் கீழ் அகப்பட்ட இளமரங்களும் வில் போன்றன; அவற்றைப் பழகிய கைகளுக்கே விட்டுவிடுக. மின்கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தை, மின்வாரியத்தார் வந்து மின்னோட்டத்தை நிறுத்தினோம் என்று சொல்லும்வரை, எவருந் தொடலாகாது.

நிற்கும் மரத்தை வீழ்த்துதல் தனிக்கலை. விழும் பக்கத்தில் ஆப்புவடிவான வாய் வெட்டுவதும், பின்னிருந்து அறுத்து வருங்கால் நடுவே ஒரு பங்கை அறாது கீல்போல் விட்டுவைப்பதும், பின்னே விலகி ஓட வழியொன்றைச் செப்பனிட்டுக்கொள்வதும், மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்கு ஆளை விலக்குவதும் அதன் உறுப்புக்கள். இவற்றைத் தாளில் வாசித்துச் செய்ய முயல்வதனினும், தொழிலறிந்தார் ஒருவரோடு சில மாதங்கள் கூடநின்று கற்பதே தக்கது. எம் சங்கத்தார் ரம்பம் கிடந்த மரத்தை அறுப்பதற்கு மட்டுமே. நின்ற மரமெனின், மேற்சொன்ன பெரியவருக்கே ஆள் அனுப்பப்படுகின்றது.

தனியே இருந்து இவ்வேலையைச் செய்தல் கூடாது. காயம் நேரின் இரத்தம் விரைந்து ஒழுகும். தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து விடாது அழுத்திப் பிடிப்பதற்கும், 108-ஐ அழைப்பதற்கும் இரண்டாவது ஆள் வேண்டும். அவர் ரம்பத்தினின்று பல அடி விலகி, அறுப்பவர் கண்ணிற் படுமிடத்தில் நிற்க. எஞ்சின் ஓசையிற் கூப்பிட்டாற் கேளாதாகலின், அணுகுமுன் கையசைத்து எஞ்சின் நின்றபின் வருக. தோப்புக்களின் உள்ளே வேலை செய்யுங்கால் ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழி சொல்வது எளிதன்று. ஊரின் பெயரும், சாலையினின்று பிரியும் இடமும், அருகிலுள்ள கோவிலோ பள்ளியோ இன்னதென்பதும் ஒரு சீட்டில் எழுதி, துணைநிற்பவர் சட்டைப்பையில் வேலை தொடங்குமுன்னரே வைத்துவிடல் வேண்டும்.